மெத்தை போர்த்திய தேக்சாக்கள்

கோட்டைமேட்டு ஹுமேராவுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டாள். "தொடாதே, சுடும்" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் விரலை நீட்டிவிட்டு, "ஆமா, சுடுது" என்று உங்களிடமே வந்து சொல்வாள். ஈரோட்டில் பிறந்தவள். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கியவர். சிறு பிள்ளையாக இருந்தபோது மஞ்சள் வேகவைக்கும் காட்டுப் பக்கம் போனால், கொப்பரையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து நடுவில் உடைப்பாள். மேலே வெந்திருக்கிறது, உள்ளே ஏன் வேகவில்லை என்று கேட்பாள். "சூடு உள்ள போறதுக்கு நேரமாகும் கண்ணு" என்பார்கள். "ஏன் நேரமாகோணும்? யாரு அதைப் புடிச்சு நிறுத்தறது?" என்பாள். இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த வீடு என்ன பாடு பட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகிக் கோயமுத்தூருக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கணவன் தாரிக் உக்கடத்தில் மெட்டடோர் வேன் ஓட்டினான். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன். அவனுடைய அண்ணன் அப்துல் குத்தூஸ் அதற்கு நேர் எதிர். பிரியாணி மாஸ்டர். நகரத்தில் நாலு கல்யாணம் நடந்தால் ரெண்டில் அவர் கை இருக்கும். அவர் குரல் மட்டும் நாலிலும் கேட்கும். ஹுமேரா வந்த நாளிலிருந்து அவருடைய கூட்டத்தோடு போய் வெங்காயம் அரிந்தாள், இஞ்சி பூண்டு அரைத்தாள், அரிசி களைந்தாள். ஆனால் தேக்சா அடுப்பில் ஏறியதும் அவளுக்கு அங்கே வேலை இல்லை. தேக்சா என்றால் ஊருக்கே சோறு ஆக்குகிற பெரிய செம்புப் பாத்திரம். அதற்கு மூடி போட்டு, ஓரத்தில் மைதா மாவை அப்பி அடைத்து, மேலே தணல் அள்ளிக் கொட்டி தம் போடுகிற நேரத்தில் குத்தூஸ் யாரையும் கிட்டத்தில் விடமாட்டார். அவள் தூரத்திலிருந்து எட்டி எட்டிப் பார்ப்பாள். கீழேதான் நெருப்பு இருக்கிறதே, மேலே எதற்குத் தணல்? அவரிடம் ஒரு தரம் கேட்டும் பார்த்தாள். "அது அப்படித்தான்" என்றார். இந்த பதிலைப் போல ஹுமேராவுக்கு எரிச்சல் மூட்டுவது உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆனி மாதத்தில் அவளுடைய ஒரே மகள் ரிஃபத்துக்குக் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை அய்மன், காங்கேயத்துக்காரன். தேங்காய் எண்ணெய் செக்கு வைத்திருக்கிற குடும்பம். நல்ல இடம். ரிஃபத் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அம்மா, என்ற நிக்காஹ் அன்னிக்கு வர்ற அத்தனை பேருக்கும் நீ ஆக்குன சோறுதான் போடோணும். ஊரான் ஊட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வெங்காயம் உரிச்சே கண்ணு போச்சு உனக்கு. என்ற கல்யாணத்துக்காச்சும் உன்ற கையில தேக்சாவைத் தொடு."

ஹுமேரா சரி என்று சொல்லிவிட்டாள். வாக்குக் கொடுத்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. காங்கேயத்தில் மாப்பிள்ளை வீட்டார் பிடித்திருந்த மண்டபத்தில் கறி சாப்பிடலாம், சமைக்கக் கூடாது. வெளியே அடுப்பு மூட்டலாம் என்றால் சுற்றிலும் தேங்காய் நார் காயப்போட்ட களம். ஆனி மாதக் காற்றில் ஒரு பொறி பறந்தால் அந்த வட்டாரமே பற்றிக்கொள்ளும். யாரும் விடமாட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

"ஏனுங்க சம்பந்தியம்மா, சாம்பார் சோறும் குருமாவுமே போதுமுங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோமுங்க."

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொன்னால், நினைத்து முடித்துவிட்டார் என்று அர்த்தம். ஹுமேரா போனை வைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தாள். கோயமுத்தூரிலேயே ஆக்கி வேனில் கொண்டுபோனால் என்ன? வேன் வீட்டு வேன். ஓட்டுகிறவன் வீட்டு ஆள்.

குத்தூஸ் அதைக் கேட்டுக் குதித்தார். "இங்க ஆக்கி காங்கயத்துல போடறதா? உனக்கென்ன புத்தி பெரண்டு போச்சா? ரெண்டு மூணு மணி நேரம் வண்டியில கெடந்தா சோறு சில்லுன்னு ஆயிப்போயிரும். நெய்யி வெள்ளையா ஒறைஞ்சு நிக்கும். அதை அந்தச் சம்பந்தி ஊட்டு ஒறம்பரைக்குப் போட்டா, உன்ற புள்ள அந்த ஊட்டுல காலம் பூரா அந்தப் பேச்சைக் கேக்கோணும். ஆறிப்போன சோறு போட்ட ஊட்டுப் பொண்ணும்பாங்க."

அது உண்மைதான். சோறு ஆறினால் பழி மகள் தலையில் விழும். கொண்டுபோகாவிட்டால் மகளுக்குக் கொடுத்த வாக்கு போகும்.

"ஆறாமக் கொண்டுபோனா, மச்சான்?" என்று கேட்டாள்.

"எப்படி?"

"தெரியலீங்க. பாக்கறேன்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அடுப்பில் எப்போதும் தண்ணீர் கொதித்தது. ஒரே அளவான நாலு போசியில் கொதிநீரை ஊற்றி மூடி, மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்போது ஒவ்வொன்றையும் ஒவ்வொரு இடத்தில் வைப்பாள். சாயங்காலத்து அஸர் பாங்கு கேட்டதும் திறந்து விரலை விடுவாள். காங்கேயம் போகிற நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் போசி வெறும் சிமெண்டுத் தரையில். அதைத் தூக்கினால் அடியில் தரை வெதுவெதுவென்று இருக்கும், உள்ளே தண்ணீர் ஆறிக் கிடக்கும். தரை குடித்துவிட்டது என்பாள். பலகை மேல் வைத்த போசியில் அவ்வளவு மோசமில்லை. ஃபேனுக்கு நேராக வைத்ததுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் ஆறிற்று. பாத்திரத்தை ஒட்டி நிற்கிற காற்று சூடாகும், ஃபேன் அதைத் தள்ளிவிட்டுப் புதுக் காற்றைக் கொண்டுவந்து நிறுத்தும், அதுவும் தன் பங்கைத் தூக்கிக்கொண்டு போகும். வேனிலும் காற்று அப்படித்தானே அடிக்கும் என்று நினைத்தபோது அவளுக்குப் பக்கென்றது.

கம்பளி சுற்றிய போசிதான் நன்றாகச் சூடு காத்தது. "கம்பளி சூடு குடுக்கும் அம்மணி, அது தெரிஞ்ச கதைதான்" என்றாள் பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாள். ஹுமேராவுக்கு அது ஒத்துவரவில்லை. கம்பளிக்குள் அடுப்பா இருக்கிறது, சூடு கொடுக்க? மீன் மார்க்கெட்டிலிருந்து ஒரு ஐஸ் கட்டியை வாங்கிவந்து ரெண்டாக உடைத்து, பாதியைத் தட்டில் வைத்தாள். மீதிப் பாதியை அதே கம்பளியில் சுற்றிவைத்தாள்.

"அய்யய்யோ, ஐஸை யாராச்சும் கம்பளியில சுத்துவாங்களா? இந்நேரம் தண்ணியாப் போயிருக்கும்" என்று குழந்தையம்மாள் தலையில் கை வைத்தாள்.

தட்டில் இருந்ததுதான் தண்ணீராகப் போனது. கம்பளிக்குள் இருந்தது கல்லு மாதிரி இருந்தது. "பாத்தியாக்கா? இது சூடு குடுக்கலை. உள்ள இருக்கறதை வெளிய உடறதில்ல, வெளிய இருக்கறதை உள்ள உடறதில்ல. வாசல்ல நிக்கிற வாட்ச்மேனாட்ட." குழந்தையம்மாள் அந்த ஐஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தெரு முழுக்க அந்தப் பேச்சு பரவிவிட்டது.

இன்னொன்றும் கண்டுபிடித்தாள். தண்ணீர் கொதிக்கும்போது ஒரு பிடி சீரகத்தைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். சீரகம் அடியிலிருந்து நடுவில் கிளம்பி மேலே வருகிறது, ஓரமாக இறங்குகிறது, மறுபடி கிளம்புகிறது. தண்ணீர் தானே எழுந்து நடந்து சூட்டை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறது. சோறு அப்படி நடக்குமா? அது வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் அடி வேகும், மேல் வேகாது. அதனால்தான் மேலே தணல்! இத்தனை வருஷம் அப்படித்தான் அப்படித்தான் என்று சொல்லி ஏமாற்றிவிட்டாரே மனுஷன் என்று அவளுக்குச் சிரிப்பாகவும் கோபமாகவும் வந்தது.

பிளாஸ்க் கதையும் அந்த வாரம்தான் நடந்தது. வீட்டு பிளாஸ்க் கைதவறி விழுந்து உள்ளே கண்ணாடி நொறுங்கியது. புதுக் கண்ணாடி போட பெரிய கடை வீதிக்குப் போனாள். கடைக்காரர் வேலுமணி கண்ணாடிக் குடுவையை எடுத்துக் காட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக ரெண்டு குடுவை, வெள்ளி மாதிரிப் பளபளப்பு.

"இந்த ரெண்டுக்கும் நடுவால என்ன வெச்சிருக்காங்க? பஞ்சா?"

"ஒண்ணுமே இல்லீங்க."

"காத்தா?"

"காத்தையும் உறிஞ்சி எடுத்துட்டுத்தான் அடைக்கறாங்க. வெறும் சூனியமுங்க. சூடு நடந்து போறதுக்கு ஒண்ணும் இல்லாததால அங்கயே நிக்குதுங்க."

ஹுமேராவுக்கு உடம்பு சிலிர்த்தது. பஞ்சும் கம்பளியும் செய்யாத வேலையை ஒன்றுமே இல்லாத இடம் செய்கிறது! ஆனால் அடுத்த நிமிஷமே முகம் சுருங்கியது. வெயிலில் கையை நீட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, சூரியனுக்கும் நமக்கும் நடுவாலயும் ஒண்ணுமே இல்லீன்னு எங்க ரிஃபத்து படிச்சாளே? அப்பறம் இது எப்படி என்ற கைக்கு வந்துச்சு?"

வேலுமணி தலையைச் சொறிந்தார். "அது நடந்து வர்றதில்லீங்களே, வெளிச்சமாட்டப் பாஞ்சு வருது. அதுக்குத்தானுங்க இந்த வெள்ளிப் பூச்சு. கண்ணாடியில வெளிச்சம் திரும்பறாப்பல அந்தச் சூடும் திரும்பிப் போயிரும். கறுப்பா இருந்தாத்தான் நிறைய வாங்கும், நிறைய உடும்."

அவள் நேராக வீட்டுக்கு வந்து குத்தூஸின் தேக்சாக்கள் நாலையும் புளியும் மணலும் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். வருஷக்கணக்கில் ஏறிய கரி. குத்தூஸ் வந்து பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அடப் பாவி! கரிதான் தேக்சாவுக்கு அழகு! அதைச் சொரண்டிப்போட்டயே!"

"கரிதானுங்க மச்சான் உங்க சூட்டை வெளிய உடறது" என்றாள் அவள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

கடைசியில் அவள் முடிவு செய்தது மெத்தை. மில் கழிவுப் பஞ்சு அடைத்த பழைய மெத்தையை மடித்து, நடுவில் கொதிநீர்ப் பாத்திரத்தை வைத்து, பாத்திரமே வெளியே தெரியாத அளவுக்குக் கட்டிவைத்தாள். பஞ்சுக்குள்ளும் காற்றுதான், ஆனால் அதை நகரவிடாமல் பஞ்சு பிடித்துவைத்திருக்கிறது. லுஹருக்குக் கட்டினாள். அஸருக்குத் திறந்து விரலை விட்டாள். "ஆ!" என்று கத்திக்கொண்டு விரலை வாயில் வைத்தாள். தாரிக் பதறி ஓடி வந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சுடுதுங்க! இன்னும் சுடுதுங்க!"

விரல் வெந்ததற்கு இத்தனை சந்தோஷப்பட்ட பெண்ணை அவன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஒரு மெத்தை இருந்தது. நாலு தேக்சாவுக்கு அது எங்கே போதும்? ரிஃபத்துக்குச் சீராகக் கொடுக்க இலவம்பஞ்சில் புதுசாக ரெட்டை மெத்தை தைத்து, பாலிதீன் உறை போட்டு வைத்திருந்தார்கள். அதுவும் அதே வேனில்தான் காங்கேயம் போக வேண்டும்.

"அம்மா, அது என்ற மெத்தை!" என்று ரிஃபத் அலறினாள்.

"உன்றதுதான் கண்ணு. போற வழியில ஒரு வேலை செய்யட்டுமே, என்ன இப்ப?"

நிக்காஹ் நாள் விடிந்தது. வாசலை அடைத்துப் போட்ட பந்தலுக்குக் கீழே அடுப்புகள் எரிந்தன. ஹுமேரா முதலில் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கூட மாட ஒத்தாசைக்கு வந்தவர்களுக்கும் ஒரு சின்னத் தேக்சாவில் பிரியாணி ஆக்கினாள். குத்தூஸ் எப்படிச் செய்வாரோ அப்படியே, தம் போட்டு, பதமாக இறக்கினாள். ஒரு வாய் ருசி பார்த்த குத்தூஸ் "ம்" என்றார். அவர் வாயிலிருந்து "ம்" வந்தால் மற்றவர்கள் மாலை போட்டதற்குச் சமம். அவள் பெருமையோடு அதை மெத்தைக்குள் வைத்துக் கட்டினாள். பெரிய தேக்சாக்களில் கறியும் மசாலாவும் வேகிற நேரம் முழுவதும் அது மெத்தைக்குள் இருந்தது.

அவற்றில் அரிசி போட்டுக் கொதி வந்த நேரத்தில்தான் பிள்ளைகள் பசி என்று கத்தின. மெத்தையைப் பிரித்து மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. கரண்டியை விட்டாள். சோறு கரண்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. சீரகச் சம்பா அரிசி ஒன்றோடு ஒன்று குழைந்து, கறி நார் நாராகப் பிரிந்து, ஒரே களியாக இருந்தது.

குத்தூஸ் எட்டிப் பார்த்தார். "இது பிரியாணி இல்ல அம்மணி. நோன்புக் கஞ்சி."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஹுமேரா கரண்டியைப் பிடித்தபடி அந்தக் களியையே பார்த்தாள். என்ன தப்பு செய்தேன்? இத்தனை நாள் பார்த்தேனே, தொட்டுத் தொட்டுப் பார்த்தேனே. சட்டென்று உறைத்தது. இத்தனை நாளும் அவள் பார்த்தது தண்ணீரை. தண்ணீருக்கு வேகத் தெரியாது. எத்தனை நேரம் சூடாக இருந்தாலும் அது தண்ணீர்தான். அரிசி அப்படியா? சூடு உள்ளே நிற்கிற வரைக்கும் அது வெந்துகொண்டே இருக்கும். அடுப்பிலிருந்து இறக்கியாயிற்று என்று அவள் நினைத்தாள். மெத்தைக்குள் இருந்த அரிசிக்கு அது தெரியாதே.

அவள் திரும்பி அடுப்பைப் பார்த்தாள். நாலு தேக்சாவிலும் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினாள். மேலே மெதுவாக இருந்தது, நடுவில் குருணை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி கடினமாக நின்றது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் வற்ற வேண்டும், பிறகு தம் போட வேண்டும்.

"இறக்குங்க" என்றாள்.

"என்னது?" என்றார் குத்தூஸ்.

"தம் வேண்டாமுங்க. இப்பவே மூடி அடைச்சு எறக்குங்க. மிச்சத்தை ரோடு பாத்துக்கும்."

"அரைவேக்காட்டை மூடிக் கல்யாணத்துக்குக் கொண்டுபோறயா? நடுவால தொறந்து பாக்கவும் முடியாது, தொறந்தா ஆவியெல்லாம் போயிரும். அங்க போய்த் தொறக்கறப்ப நறுக்கு நறுக்குன்னு இருந்தா?"

"இருந்தா என்ற தலையெழுத்துங்க."

"உன்ற தலையெழுத்து இல்ல, புள்ளையோடது!" என்று அவர் கத்தினார். அவர் கத்தியதில் தப்பு ஒன்றும் இல்லை. அவளுக்கும் அதே பயம்தான். ஆனால் யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை, அரிசி காத்திருக்காது. அவளே மாவைப் பிசைந்து மூடியின் ஓரத்தில் அப்பினாள். குத்தூஸ் கோபத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெண்ணையும் உறவினர்களையும் ஏற்றிய பஸ்ஸில் முன்னால் கிளம்பிப் போய்விட்டார்.

வேன் தரை இரும்பு. அதன் மேல் பலகை, பலகை மேல் மெத்தை, மெத்தைக்குள் தேக்சாக்கள். இடுக்குகளில் பஞ்சு மூட்டை. பார்த்தவர்கள் சீர் வண்டி என்றுதான் நினைத்திருப்பார்கள். தாரிக் பிஸ்மி சொல்லி வண்டியை எடுத்தான். சூலூர் தாண்டும் வரை ஹுமேரா திரும்பித் திரும்பிப் பின்னால் தேக்சாக்களையே பார்த்தாள்.

"சரியா வெந்துருக்குமா?" என்று தாரிக் கேட்டான்.

"எனக்கெப்படிங்க தெரியும்?" என்று எரிந்து விழுந்தாள். பாவம், அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

பல்லடம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டயர் பஞ்சர். இறங்கிப் பார்த்தால் ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. தாரிக் அதை உருட்டிக்கொண்டு பஞ்சர் கடை தேடிப் போனான். ஹுமேரா சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள். கணக்கு எல்லாம் போயிற்று. இரண்டரை மணி நேரம் வேகும் என்றுதானே அரைவேக்காட்டில் இறக்கினாள்? இப்போது இன்னும் ஒரு மணி நேரம் கூடினால் காலையில் பார்த்த அதே களி. நாலு தேக்சா களி. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். மகள் முகத்தை நினைத்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வேனுக்குள் ஏறினாள்.

ஒரு தேக்சாவைச் சுற்றிய மெத்தையில் காதை வைத்தாள். உள்ளே மெதுவாக ஏதோ கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். மெத்தையைத் தள்ளிவிட்டு மூடியில் கை வைத்தால் சுள்ளென்று சுட்டது. வெந்துகொண்டிருக்கிறது. ஆனி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து வேனை ஆட்டிக்கொண்டிருந்தது. அத்தனை நாளும் அவள் பயந்த காற்று. வேனின் பின்கதவையும் பக்கக் கதவையும் அகலத் திறந்தாள். கயிற்றை அவிழ்த்து மெத்தைகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். காற்று உள்ளே புகுந்து தேக்சாக்களைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போயிற்று.

தாரிக் ஸ்டெப்னியோடு வந்து பார்த்துத் திகைத்தான். "அடியே, ஆறிப் போயிருமே!"

"கொஞ்சம் ஆறட்டுங்க. யா அல்லாஹ், கொஞ்சமே கொஞ்சம் ஆறட்டும்."

ஒவ்வொரு மூடியிலும் கை வைப்பாள், எடுப்பாள். நபிகள் பேரில் ஒரு சலவாத்து ஓதி முடிக்கிற வரை கையை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தால் போதும் என்று அவளாக ஒரு அளவு வைத்துக்கொண்டாள். அந்த அளவு சரிதானா என்பது அங்கே போய்த் திறந்தால்தான் தெரியும். மூன்று தேக்சாவில் கை பொறுத்தது. நாலாவது டிரைவர் சீட்டுக்குப் பின்னால், இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அது இன்னும் கையைச் சுட்டது. இந்தப் பக்கமிருந்தும் சூடு வரும் என்று ஏன் நினைக்காமல் போனோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு அதை இழுத்துக் கதவுப் பக்கம் வைத்தாள். டயர் மாட்டி முடிந்ததும் மறுபடியும் மெத்தையைச் சுற்றிக் கட்டினார்கள்.

மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது நிக்காஹ் முடிந்துவிட்டது. பேரீச்சம்பழமும் கற்கண்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் பக்கம் பாய் விரித்து, சஹன் என்கிற பெரிய தட்டு ஒன்றுக்கு நாலு பேராக உட்கார்ந்துவிட்டார்கள். தேக்சாக்களைப் பின்பக்கமாக இறக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஹுமேரா நின்றாள். பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சிரமப்பட்டுக் கொண்டாந்திருக்கீங்க, எப்படி இருந்தாலும் சந்தோஷமுங்க" என்றார். எப்படி இருந்தாலும் என்ற சொல்லைக் கேட்டதும் ஹுமேரா கையை விடுவித்துக்கொண்டு திரை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

குத்தூஸ் பெரிய கரண்டியின் காம்பால் மாவைத் தட்டி உடைத்தார். மூடியைத் தூக்கினார். உள்ளே அடங்கியிருந்த ஆவி குபீரென்று எழுந்து அவர் முகத்தை மறைத்தது. நெய்யும் புதினாவும் பட்டையும் கலந்த மணம் மண்டபம் முழுவதும் போயிற்று. அவர் ஒரு பருக்கையை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவில் நசுக்கினார். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். நாக்கு வெந்து "ஹா ஹா" என்று வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

ஹுமேரா அவர் முகத்தையே பார்த்தாள். வெந்திருக்கிறதா, இல்லையா?

அந்த நேரம் பார்த்து மண்டப மேனேஜர் மயில்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக உள்ளே வந்தார். "ஏனுங்க, நாங்க என்னங்க சொல்லியிருந்தோம்? மண்டபத்துல கறி சமைக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோமுங்களா இல்லீங்களா? இப்படிப் பண்ணிப்போட்டீங்களே! எங்க வெச்சு ஆக்குனீங்க? நார்க் களத்துப் பக்கமா தீ மூட்டுனீங்க?"

"இங்க யாரும் ஆக்கலீங்க" என்றான் தாரிக் மெதுவாக.

"ஆக்காமயா இந்த ஆவி வருது? பருக்கை பருக்கையா, உதிரி உதிரியா, இப்பத்தான் அடுப்புலருந்து எறக்குனாப்பல இருக்குது! எனக்குக் கண்ணில்லீங்களா?" அவர் பின்பக்கம் ஓடினார். சுவரோரம், கிணற்று மேடு, தென்னை மரத்தடி எல்லாம் குனிந்து குனிந்து சாம்பல் தேடினார். ஒரு கரித்துண்டுகூட அகப்படவில்லை. திரும்பி வந்து, நம்பாமல் தேக்சாவைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "சொல்லுங்க, யாரு ஆக்குனது?"

பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் குத்தூஸைப் பார்த்தார்கள். மாஸ்டர் அவர்தானே. குத்தூஸ் வாயில் இருந்ததை விழுங்கினார். கண்ணில் தண்ணீர் நின்றது, நாக்கு வெந்ததனால் இருக்கலாம்.

"ஏனுங்க, சும்மா சத்தம் போடாதீங்க" என்றார், அந்த மண்டபத்தின் கடைசி ஆள் வரை கேட்கிற குரலில். "இது கோயமுத்தூர்ல எங்க ஊட்டு வாசல்ல ஆக்குனது. என்ற தம்பி சம்சாரம் ஆக்குனது. நான் வேண்டாம்னு சொன்னேன், கேக்கலை. இதுல என்ற கையே படலீங்க."

திரைக்குப் பின்னால் ஹுமேரா அதைக் கேட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாப்பிள்ளையின் அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, ஆவி பறக்கிற சோற்றை வாங்கி மகளுக்கு ஊட்டப் போனாள்.